தோற்ற கதைக்கு ஓர் அஞ்சலட்டை

தமிழ்ப் பத்திரிகைகளில் சிறுகதைப் போட்டி அறிவிப்பு வரும்போது விதிமுறைகளின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது, இது தொடர்பாகக் கடிதப் போக்குவரத்து கிடையாது என்பது அதன் சாரம். உறைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அலுவலகத்துக்கு அந்த வரி தேவைதான். போதிய தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையைச் சேர்த்து அனுப்பியவருக்குக் கதையாவது திரும்பி வந்தது. ஏன் திரும்பி வந்தது என்பது மட்டும் வரவில்லை. இப்போது மின்னஞ்சலில் கதை போகிறது. திரும்பி வர உறையும் இல்லை.

பெரிய பத்திரிகைக்குப் பொருந்திய அந்த வரியை, கல்லூரித் தமிழ் மன்றமும் ஊர் நூலக வாசகர் வட்டமும் அப்படியே எடுத்துத் தங்கள் அறிவிப்பில் ஒட்டிக்கொள்கின்றன. பிடித்த நாவலின் பாத்திரங்களை வைத்துப் புதிதாக ஒரு கதை எழுதுங்கள் என்று மாணவர்களை அழைக்கும் போட்டியில் அது கொஞ்சமும் பொருந்தாது. அங்கே எழுத வருகிறவர் பெரும்பாலும் முதல் கதை எழுதுகிறவர். எழுத்தாளர் ஆகவேண்டும் என்று வந்தவர்கூட அல்லர். ஒரு புத்தகத்தை மூடி வைக்க மனம் வராமல் வந்தவர். அந்த முதல் கதைக்கு அவருக்குக் கிடைப்பது மௌனம் என்றால், இரண்டாவது கதை எழுதப்படுமா என்பதே சந்தேகம்.

ஃபேன் ஃபிக்‌ஷன் என்று உலகெங்கும் பெயர் பெற்ற இந்த வகையைத் தமிழில் ரசிகர் புனைவு எனலாம். பெயர்தான் புதிது. 'பொன்னியின் செல்வ'னை முடித்த கல்கி, வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஒரு முடிவுரை எழுதினார். பாத்திரங்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தன்னைவிடத் திறமையானவர்கள் வந்து இந்த வரலாற்றை வைத்துச் சிறந்த நாவல்கள் எழுதட்டும் என்று வாழ்த்தி முடித்தார். மூல ஆசிரியரே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனது இது. 'அமுதசுரபி' ஆசிரியராக நெடுங்காலம் இருந்த விக்கிரமன் அந்தக் கதவு வழியே நுழைந்து 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். கல்கி விடை சொல்லாமல் விட்ட முடிச்சும் எழுதுகிறவரை இழுக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்? காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் இருக்கின்றன. நாவலோ கொலை நடந்த கடம்பூர் மாளிகை அறையை இருட்டாகவே விட்டுவிடுகிறது. 2022இலும் 2023இலும் படமாக வந்தபிறகு நாவலைத் தேடிப் படித்த தலைமுறைக்கு அந்த இருட்டு பேனாவைக் கையில் எடுக்கப் போதுமான காரணம்.

இப்படி ஒரு போட்டிக்கு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கதை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்கியின் நாவலில் கடம்பூர் இளவரசி மணிமேகலை, நாயகன் வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுகிறாள். அந்த மாணவிக்கு அதை ஏற்க முடியவில்லை. அவருடைய கதையில் மணிமேகலை பிழைத்துக்கொள்கிறாள். பத்து ஆண்டுகள் கழித்துக் கடம்பூர் மாளிகைக்குத் திரும்புகிறாள். பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கச் சொல்கிறாள். விளக்கு ஏந்தி உடன் வரும் பணிச்சிறுமி கொலைக்குப் பிறகு பிறந்தவள். அவளுக்கு எதுவும் தெரியாது. "இங்கே யாருங்கம்மா இருந்தாங்க?" என்று கேட்கிறாள். "ஒரு விருந்தாளி" என்கிறாள் மணிமேகலை.

அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது. கரிகாலன் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்தான். வந்தியத்தேவனைக் காப்பாற்ற, கொன்றது தானே என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள முயன்றவள் மணிமேகலை. பத்தாண்டுக்குப் பின் அவள் வாயிலிருந்து வரும் ஒரே சொல்லில் அவ்வளவும் அடங்கிவிடுகிறது. ஆனால் கதையின் மற்ற பகுதிகள் அப்படி இல்லை. முதல் இரண்டு பக்கம் நாவலின் கதைச்சுருக்கம். கடைசிப் பக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வந்து இறங்கி நீளமாகப் பேசி எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறான். நடுவில் சமையற்கட்டில் மிளகாய் வறுபடும் நெடி வருகிறது. மிளகாயோ போர்ச்சுக்கீசியர் வந்தபிறகு நம் நாட்டுக்கு வந்தது. சந்திப்பிழைகள் நிறைய.

இந்தக் கதைக்கு வழக்கமாக இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். முதலாவது: 'கல்கியின் மணிமேகலை இப்படிப்பட்டவள் அல்லள். பிழைகள் ஏராளம். மூல நூலை மீண்டும் ஊன்றி வாசிக்கவும்.' இரண்டாவது: 'அருமையான முயற்சி. தொடர்ந்து எழுதுங்கள். வாழ்த்துகள்.' முதலாவது கடுமை, இரண்டாவது கனிவு என்று தோன்றும். ஆனால் இரண்டையும் கதையைப் படிக்காமலேயே எழுதிவிட முடியும். விருந்தாளி என்ற சொல்லை ஒருவர் படித்தார், படித்து ஒரு கணம் நின்றார் என்பதற்கு இரண்டிலும் சாட்சி இல்லை. அந்த மாணவி அறிய விரும்பியது அதைத்தான்.

கடுமையான நடுவர்மீது தமிழருக்கு ஒரு பழைய பற்று உண்டு. படிக்காசுப் புலவர் பாடியதாகச் சொல்லப்படும் ஒரு தனிப்பாடல், பிழையாகப் பாடுவோரின் தலையில் குட்டப் பிள்ளைப் பாண்டியன் இல்லையே, காதை அறுக்க வில்லி இல்லையே, தலையை வெட்ட ஒட்டக்கூத்தர் இல்லையே என்று ஏங்குகிறது. மேடைகளில் இந்தப் பாடல் வரும்போதெல்லாம் கைதட்டல் எழும். அந்த வில்லி யார்? வியாசர் கதையைத் தமிழில் பாரதமாகத் திரும்பச் சொன்ன வில்லிபுத்தூரார். பிறர் கதையை எடுத்துத் தன் கதையாக்கியவர். அவரை வாதில் வென்ற அருணகிரிநாதர் அவர் காதை அறுக்கவில்லை, காதறுக்கும் கருவியை அவர் கீழே போடவைத்து விட்டுவிட்டார் என்று மரபுக்கதை தொடர்கிறது. மேடையில் இந்தப் பாதி அவ்வளவாகக் கேட்பதில்லை.

காதறுக்கும் கருவி சில சமயம் ஒரு சொல்லாகவும் இருக்கும். 1973இல் அமெரிக்காவில் பாலா ஸ்மித் என்பவர் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் நடத்திய சிற்றிதழ் ஒன்றில் பகடிக் கதை ஒன்று எழுதினார். அதில் மேரி சூ என்ற பதினைந்தரை வயதுப் பெண் விண்கலப் படையிலேயே இளைய லெப்டினன்ட். எல்லோரும் அவளை மெச்சுகிறார்கள், எல்லாம் அவளுக்கு வருகிறது, கடைசியில் எல்லோரும் அழ இறந்துபோகிறாள். ரசிகர்கள் தங்களையே நாயகியாகக் கதைக்குள் நுழைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிய கூரான கிண்டல் அது. ஆனால் பகடி ஒரு முத்திரையாக மாறிற்று. புதிதாகப் பெண் பாத்திரம் ஒன்று கதையில் வந்தாலே 'மேரி சூ' என்று ஒதுக்கத் தொடங்கினார்கள். ரசிகர் உலகை ஆராய்ந்து 1992இல் நூல் எழுதிய கமீல் பேக்கன் ஸ்மித், அந்த முத்திரைக்கு அஞ்சிப் பெண் பாத்திரங்களை எழுதுவதையே விட்டுவிட்ட பெண்களைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார். நடுவர் ஒரு கதைக்குப் பெயர் சூட்டி முடித்துக்கொள்ளும்போது நேர்வது இதுதான். குறை எந்தப் பத்தியில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்தப் பத்தி திருந்தியிருக்கும். முத்திரை குத்தியதால் ஆளே ஒதுங்கிக்கொண்டார்.

'கல்கியின் மணிமேகலை இப்படிப்பட்டவள் அல்லள்' என்ற தீர்ப்பும் அதே வகைதான். மூலத்துக்கு விசுவாசம் என்பதை ஒரே அளவுகோலாக வைத்தால் தமிழில் முதலில் தோற்றிருக்க வேண்டிய கதை புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்'. ராமாயணம் அறிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைத் தாம் பொருட்படுத்தவில்லை என்று கதையின் தொடக்கத்திலேயே அவர் குறிப்பு வைத்தார். அவருடைய அகலிகை, சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்டு மறுபடியும் கல்லாகிறாள். எந்த மூலத்திலும் இல்லாத முடிவு அது. ஆனால் அகலிகையின் துன்பத்தை அறிந்த யாருக்கும் அது அவள் செய்யக்கூடியதுதான் என்று பட்டுவிடுகிறது. நடுவர் கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது. மூலத்தில் இப்படி நடந்ததா என்பது கேள்வியல்ல. மூலத்தில் வாழ்ந்த அந்த மனுஷி, இந்தப் புதிய நிலைமையில் இப்படிச் செய்வாளா? செய்வாள் என்று கதை நம்பவைக்கிறதா? எந்த வரியில் நம்பிக்கை தளர்ந்தது?

இன்னொரு கேள்வியை, ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார். ஆர்தர் விட்டேக்கர் என்ற ஆங்கிலேயர், கட்டடக்கலைஞர், வேலையில்லாத நாட்களில் ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதி டாயிலுக்கே அனுப்பினார். இருவர் பெயரிலும் வெளியிடலாமே என்று கேட்டார். டாயில் அதற்கு இசையவில்லை. ஆனால் கதையைத் திருப்பி எறியவும் இல்லை. கதைப்பின்னல் மோசமில்லை, பெயர்களை மாற்றி உங்கள் பெயரிலேயே வெளியிட்டுப் பாருங்கள் என்ற பொருளில் பதில் எழுதினார். முடியாவிட்டால் கருவுக்காக ஒரு சிறு தொகை தருவதாகவும் சொன்னார். விட்டேக்கர் தொகையைப் பெற்றுக்கொண்டார். டாயில் மறைந்து பல ஆண்டுகள் கழித்து அவருடைய காகிதங்களுக்கிடையே அந்தக் கையெழுத்துப் படி கிடைத்தது. அச்சில் வராத ஹோம்ஸ் கதை என்று 1948இல் டாயில் பெயரிலேயே வெளியாயிற்று. பிறகு விட்டேக்கர் முன்வந்து அது தாம் எழுதியது என்று நிறுவினார். உலகப் புகழ்பெற்ற ஒருவரிடமிருந்து முன்பின் அறியாத ரசிகருக்குக் கிடைத்த பதிலில் மறுப்பு இருந்தது, கதையில் எது தேறும் என்ற கணிப்பு இருந்தது, அடுத்துச் செய்யக்கூடிய ஒரு வேலையும் இருந்தது.

பெயர்களை மாற்றிப் பாருங்கள் என்ற அந்த யோசனையைப் போட்டி நடுவர்கள் ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். மணிமேகலைக்கு வேறு பெயர், கடம்பூருக்கு வேறு பெயர் வைத்து மனத்துக்குள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். குந்தவை வந்தாள் என்று எழுதியவுடன் வாசகர் மனத்தில் அழகும் அறிவும் தானாக வந்துவிடுகின்றன. அது கல்கி சேர்த்துவைத்த சொத்து. பெயரை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியில் என்ன மிச்சம்? பல கதைகளில் ஒன்றும் மிஞ்சாது. எழுதியவரிடம் அதைச் சொல்லலாம். சில கதைகளில் பெயரை மாற்றினாலும் எதுவும் குறையாது. அப்படியானால் இதற்குக் கல்கி எதற்கு, இது உங்கள் சொந்தக் கதையல்லவா என்று சொல்லலாம்; கேட்பவர் இரவெல்லாம் தூங்கமாட்டார். அந்தப் பணிச்சிறுமி கேள்வி கேட்கும் காட்சியில் பெயரை எடுத்தாலும் ஏதோ பழைய ரத்தம் அந்த அறையில் இருக்கிறது என்று தெரியும். பெயரோடு படித்தால் அது யாருடைய ரத்தம் என்று தெரிந்து உடல் சிலிர்க்கும். ரசிகர் புனைவு நன்றாக அமைவது இப்படித்தான்.

வாழ்த்து மட்டும் சொல்வதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. கெடாது, வளரவும் வளராது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிசிலியா அராகன், கேட்டி டேவிஸ் இருவரும் இளையோரின் ரசிகர் புனைவுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2019இல் நூலாக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஒரே களஞ்சியத்தில் பதினைந்து லட்சம் பேர் எழுதிய கதைகளும், அவற்றுக்கு வாசகர்கள் எழுதிய 17 கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளும் இருந்தன. வன்மமான குறிப்புகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்பது அவர்களுக்கே வியப்பாக இருந்தது. மேலோட்டமான பாராட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கதையின் ஏதேனும் ஒரு கூற்றைத் தொட்டுப் பேசியவையும் ஏராளம். குறிப்புகள் கூடக் கூட எழுதியவர்களின் சொல்வளமும் கூடியது. ஏறத்தாழ 650 குறிப்புகள் பெற்றவரின் சொல்வளம், வயதில் ஓர் ஆண்டு முதிர்ந்தால் எவ்வளவு கூடுமோ அவ்வளவு கூடியிருந்தது. குறிப்புகள்தான் காரணம் என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. நன்றாக எழுதுகிறவருக்குக் குறிப்புகளும் அதிகம் வரும். ஆனாலும் ஆசிரியர் என்று யாருமே இல்லாத இடத்தில், ஆளுக்கு ஒரு கைப்பிடியாகப் பலர் சேர்ந்து ஒருவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்பது அந்த ஆய்வைப் படிக்கும்போது தெளிவாகவே தெரிகிறது.

ரெபெக்கா பிளாக் என்ற மற்றொரு ஆய்வாளர் ஒரே ஒரு சிறுமியைப் பின்தொடர்ந்தார். சீனத்திலிருந்து பதினொரு வயதில் கனடாவுக்கு வந்தவள். ஆங்கிலம் அப்போதுதான் கற்கிறாள். ஜப்பானிய அனிமே பாத்திரங்களை வைத்து அந்த ஆங்கிலத்திலேயே கதை எழுதினாள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும், ஆங்கிலம் எனக்குத் தாய்மொழி அன்று, இலக்கணப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டாள். படித்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்; கதையைப் பற்றிப் பேசினார்கள்; பிழை சொன்னவர்களும் மென்மையாகச் சொன்னார்கள். அவள் தொடர்ந்து எழுதினாள், ஆங்கிலமும் கூடவே வந்தது.

சிவப்பு மையை முதலில் எடுக்கும் நம் பழக்கத்தை இந்தச் சிறுமியின் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றுப்பிழையைச் சுழிப்பது எளிது, சரி தவறு என்று உறுதியாகச் சொல்லிவிடலாம், நடுவரின் புலமையும் தெரியும். மிளகாயும் அப்படித்தான். பிழையைச் சொல்லக்கூடாது என்பதில்லை. கட்டாயம் சொல்ல வேண்டும், தமிழ் எழுத வந்தவருக்குத் தமிழ் தெரிந்தாக வேண்டும். ஆனால் எழுதிமுடித்த கதையில் முதலில் கண்ணில் படுவது மிளகாய்தானா? வரிசை முக்கியம். எது உயிரோடு இருக்கிறது என்பது முதலில், எங்கே உயிர் போயிற்று என்பது அடுத்து, ஒற்றும் மிளகாயும் கடைசியில்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது அமைப்பாளர்களின் நியாயமான கவலை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 கதைகள் வருகின்றன. படிப்பதை எப்படியும் படித்தாக வேண்டும். படித்து முடித்த சூட்டோடு நான்கைந்து வரி எழுத ஆறு நிமிடம். மொத்தம் இருபது மணி நேரம். நான்கு நடுவர்கள் இருந்தால் ஆளுக்கு ஐந்து மணி. பரிசளிப்பு விழாவில் பொன்னாடைகளுக்கும் வாழ்த்துரைகளுக்கும் போகும் நேரத்தைப் பார்த்தால் இது பெரிதல்ல. கருத்துச் சொன்னால் சண்டைக்கு வருவார்களே என்பது அடுத்த கவலை. மதிப்பெண்ணைக் காரணம் காட்டி எழுதினால் வரத்தான் செய்வார்கள். பரிசு ஏன் இல்லை என்ற வாதத்தை ஒதுக்கிவிட்டு, வாசகனாக எனக்கு இந்தக் கதையில் என்ன நேர்ந்தது என்று மட்டும் எழுதினால் அதில் சண்டைக்கு இடமில்லை. விண்ணப்பத்திலேயே, உங்கள் கதையில் எதைப் பற்றி நடுவர் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என ஒரு கட்டம் வைத்துவிடலாம். எதுவும் வேண்டாம் என்பவர் அதைக் காலியாக விடட்டும்; எல்லோரும் எல்லாக் காலத்திலும் கருத்துக் கேட்கும் மனநிலையில் இருப்பதில்லை.

போட்டி ஒரு வாசலாக இருக்க முடியும் என்பதற்கு 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்களே சான்று. 1998 முதல் 2007 வரை நடந்த 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' போட்டியில் தொழில்முறை எழுத்தாளர்களுக்கு இடமில்லை. தேர்வான கதைகள் பத்துத் தொகுதிகளாக வந்தன. டேட்டன் வார்ட் என்பவரின் கதைகள் முதல் மூன்று தொகுதிகளிலும் இடம்பெற்றதால், அதற்குமேல் போட்டியிட அவருக்குத் தகுதி இல்லாமல் போயிற்று. பிறகு 'ஸ்டார் ட்ரெக்' நாவல்களையே எழுதினார். தேர்வானவரின் கதை இது. தேர்வாகாத ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு வரியாவது கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஒரு வரியைத் தமிழில் சிலர் வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தார்கள். திருநெல்வேலி சுடலைமாடன் தெருவிலிருந்து தி.க.சி. என்ற தி.க.சிவசங்கரன் எழுதிய அஞ்சலட்டைகள் எத்தனையோ இளம் எழுத்தாளர்களின் வீட்டைத் தேடிப் போயின. 'தாமரை' ஆசிரியராக இருந்தவர், 2000இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற விமர்சகர். எங்கோ ஒரு சிற்றிதழில் முதல் கதை வெளிவந்தவருக்கு, அதைப் படித்துவிட்டு, நாலு வரி எழுதி, பெட்டியில் போடுவார். எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் அப்படித்தான். அஞ்சலட்டையில் இடம் கொஞ்சம். கோட்பாடு பேச முடியாது, முழுக் குறையையும் பட்டியலிட முடியாது. படித்ததில் மனத்தில் தங்கியது எதுவோ அதை மட்டுமே எழுத முடியும். அந்த அட்டைகளை இன்றும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பரிசுக் கோப்பைகளை அப்படி யாரும் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

கடம்பூர் மாளிகையின் பூட்டிய அறையைத் திறந்து பார்த்த அந்த மாணவிக்கும் ஓர் அட்டை போகலாம். இப்படி:

'உங்கள் கதைக்கு இம்முறை பரிசு இல்லை. ஆனால் "ஒரு விருந்தாளி" என்று மணிமேகலை சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன். திரும்ப ஒருமுறை படித்தேன். முதல் இரண்டு பக்கத்தில் உள்ள கதைச்சுருக்கம் நாவலைப் படித்தவர்களுக்குத் தேவையில்லை, படிக்காதவர்களுக்கு அந்தச் சிறுமியின் கேள்வியே போதும். அங்கிருந்தே தொடங்கிப் பாருங்கள். வந்தியத்தேவன் வந்து இறங்கியதும் அவள் பேச்சு நின்றுவிடுகிறது, கவனித்தீர்களா? அவன் வராமலே போனால் அந்த அறையில் அவள் என்ன செய்வாள்? எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் மிளகாய் கிடையாது, மிளகு வறுக்கச் சொல்லுங்கள். பென்சிலால் குறித்த ஒற்றுப்பிழைகள் தனித்தாளில் உள்ளன. திருத்தி எழுதினால் எனக்கு அனுப்புங்கள்.'